கடற்கரைக்காரர் குளத்துக்குப் போனால்: திருகோணமலைப் பக்கம் நன்னீர்த் தூண்டிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் தூண்டில் போடத் தெரியாத பெடியனைக் கண்டுபிடிப்பது கஷ்டம். டச்பே கரை, உட்துறைமுகத்துக் கல்லுக்கட்டு, கிண்ணியாப் பாலத்தடி என்று எங்கேயாவது ஓரிடத்தில் சின்ன வயதிலேயே தங்கூசி விரலை அறுத்திருக்கும். அதனால்தான் கூட்டாளிமார் நாலு பேர் சேர்ந்து "இந்த ஞாயிறு கந்தளாய்க்குப் போவம் மச்சான்" என்று கிளம்பும்போது, புதிதாக எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. கடலில் பாரை இழுத்தவனுக்குக் குளத்து விரால் எம்மாத்திரம் என்ற நினைப்பு. குளக்கரையில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த நினைப்பில் பிறந்தவைதான்.

முதலில் சாமான். கடற்கரையில் வீசுகிற 10 அடி றொட்டையும் 6000 அளவு ரீலையும் அப்படியே வாகனத்தில் கட்டிக்கொண்டு போவார்கள். குளக்கரையில் பின்னால் மருதமரம், முன்னால் தாமரை. அந்த நீளத் தடியைச் சுழற்றவே இடமிருக்காது. 10 கிராம் லூரை, அதாவது செயற்கை இரையை, அது தூக்கி எறியவும் எறியாது. விராலுக்கு ஆறரை, ஏழு அடியில் கொஞ்சம் விறைப்பான றொட், 2500 அல்லது 3000 அளவு ரீல், 30 இறாத்தல் தாங்கும் பிரெயிட் (பின்னல்) நூல் இருந்தால் போதும். தாமரையும் ஆற்றுவாழையும் அடர்ந்த இடமென்றால் 40 இறாத்தல். ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியாவுக்கு இது எதுவும் வேண்டாம். 6 இறாத்தல் தங்கூசி, சின்ன மிதப்பு, 8 அல்லது 10ஆம் இலக்க முள், மண்புழு அல்லது பிசைந்த பாண். முள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்த இலக்கம் கூடக்கூட முள் சின்னதாகும். "பெரிய மீனுக்கு, 10 தாங்க" என்று கேட்டு வாங்கிவிட்டு, வீட்டில் பிரித்துப் பார்த்துத் தலையில் கைவைத்தவர்கள் உண்டு.

அடுத்தது எறியும் தூரம். கடலில் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்லது என்று கை பழகிவிட்டது. கந்தளாய்க் குளக்கட்டில் நின்று பார்த்தால் அந்தத் தண்ணீர்ப்பரப்பும் கடல் மாதிரித்தான் தெரியும். உடனே எல்லாரும் நடுக்குளத்தைக் குறிவைப்பார்கள். விரால் நடுக்குளத்தில் இல்லை. அது கரையோரப் புல்லுக்குள், தாமரை இலைக்குக் கீழே, சாய்ந்து விழுந்த மரத்தின் நிழலில் முழங்கால் அளவுத் தண்ணீரில் கிடக்கும். நீங்கள் வந்து நின்ற இடத்துக்கு நாலு அடி தள்ளியே கிடந்திருக்கும், உங்கள் செருப்புச் சத்தத்தில் போயிருக்கும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேலே வந்து காற்றும் குடிக்க வேண்டும். அதனால் பத்து நிமிஷம் சும்மா நின்று பார்த்தாலே அது எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். இலைகளுக்கு நடுவில் "ப்ளக்" என்று ஒரு சின்னச் சத்தம், இரண்டு மூன்று குமிழி. அந்த இடத்துக்கு நேரே எறியாமல் அதைத் தாண்டி எறிந்து, இழுத்துக்கொண்டு அந்த வழியாக வர வேண்டும்.

லூர் விஷயம் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியது. கடையில் கண்ணைப் பறிப்பது மீன் வடிவத்தில், வயிற்றிலும் வாலிலும் மூன்று கவர் முள் தொங்குகிற பிளாஸ்டிக் லூர்தான். எந்தக் கொம்பனி செய்தாலும் றப்பாலா என்றே கேட்டு வாங்குகிறோம். வெருகல் ஆற்றில், மகாவலி கடலைத் தொடும் பக்கங்களில், கொடுவாவுக்கு அது நல்ல சாமான். புல் நிறைந்த குளத்தில் அதை எறிவது காசை எறிவதுதான். முதல் இழுவையிலேயே சல்வீனியா என்கிற மிதக்கும் களை ஒரு கூடையோடு வரும், அல்லது வராமலே போகும். அங்கே வேலை செய்வது றப்பர்த் தவளை. அதன் இரட்டை முள் மேல்நோக்கி, உடம்போடு ஒட்டிக் கிடக்கும். இலைமேல் வழுக்கிக்கொண்டு போகும், மீன் கடித்து உடம்பு நசுங்கும்போதுதான் முள் வெளியே வரும்.

வாங்கின தவளையை அப்படியே கட்டி எறிவதும் ஒரு தவறு. முள் நுனி தவளையின் முதுகுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் இலையில் மாட்டும், அதிகம் புதைந்திருந்தால் மீனில் ஏறாது. முதுகைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கும்படி குறட்டால் லேசாக வளைத்துக்கொள்ளுங்கள். உடம்பை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். சுலபமாக நசுங்காத தவளையை மீனாலும் நசுக்க முடியாது. அப்புறம், நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை உள்ளே ஏறிய தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். கனத்துப்போன தவளை மிதக்காது. நூலை நேரடியாகத் தவளையிலேயே பலோமர் முடிச்சுப் போட்டுக் கட்டலாம். இறுக்குவதற்கு முன் முடிச்சை எச்சிலால் நனைக்க மறக்காதீர்கள். கொடுவா தேடிப் போகிறவர்கள் மட்டும் முன்னால் தடித்த தங்கூசி ஒரு முழம் சேர்க்க வேண்டும். அதன் செவுள் மூடியின் விளிம்பு பிளேட் மாதிரி அறுக்கும்.

சரி, தவளை இலைமேல் போகிறது. திடீரென்று தண்ணீர் வெடிக்கிறது. இந்த இடத்தில்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மீனை விடுகிறார்கள். சத்தம் கேட்ட கணத்திலேயே றொட்டைப் பின்னால் வெட்டுவார்கள், வெறும் தவளை காதைத் தாண்டிப் பறந்து வரும். பின்னால் நிற்கிற கூட்டாளியின் முகத்துக்கே வந்த கதையும் உண்டு. விரால் பாய்ந்தவுடன் தவளை வாய்க்குள் முழுசாகப் போய்விடுவதில்லை. றொட் நுனியைத் தாழ்த்தி, நூலைக் கொஞ்சம் தளர விட்டு, ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி, நூல் நகர்வதையோ கனப்பதையோ உணர்ந்த பிறகு வெட்டுங்கள். வெட்டினால் முழுப் பலத்தோடு வெட்ட வேண்டும். அதற்குப் பிறகு கடல் பழக்கத்தை மறுபடியும் மறக்க வேண்டும். பாரை ஓடினால் ரீலின் டிராக்கை (நூல் ஓடுவதைக் கட்டுப்படுத்தும் பிடியை) தளர்த்தி ஓடவிட்டுக் களைக்க வைக்கலாம், கடலில் ஓட இடமிருக்கிறது. விராலை இரண்டு அடி ஓடவிட்டால் தாமரைத் தண்டில் நூலைச் சுற்றிவிட்டு நின்றுவிடும். டிராக்கை இறுக்கி வைத்து, தலையை மேலே தூக்கி, இலைமேலாகவே இழுத்து வர வேண்டும். தடித்த பிரெயிட் நூல் எதற்கென்று அப்போது விளங்கும்.

மாரி தொடங்கிக் குளம் நிறையும் காலத்தில் கரையோரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டமொன்று ஒரு பந்துபோல மேலே வந்து வந்து போகும். அதற்குக் கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்துக்குள் தவளையை எறிந்தால் கட்டாயம் அடிக்கும். பசியில் இல்லை, குஞ்சைக் காக்க. சுலபமான மீன் என்பதால் பலர் இதைத்தான் தேடித் திரிகிறார்கள், படமும் எடுத்துப் போடுகிறார்கள். பெரிய மீனைத் தூக்கின சில நிமிஷத்தில் கெளுத்தியும் மற்ற மீன்களும் குஞ்சுகளைக் காலி செய்யத் தொடங்கிவிடும். இதை நான் திறமை என்று ஏற்கமாட்டேன். திலாப்பியாவிலும் இப்படி ஒன்று உண்டு. ஆழமில்லாத தண்ணீரில் தட்டுத் தட்டாய்க் குழிகள் தெரியும், நல்ல பருமனான மீன்கள் சுற்றி நிற்கும், ஆனால் எதைப் போட்டாலும் தொடாது. பெண்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்திருக்கும் நாட்களில் அனேகமாக இரை எடுப்பதில்லை. இரையை மாற்றி மாற்றிப் போடாமல் இடத்தை மாற்றுங்கள்.

கூட்டாளிமாரோடு போவதில் உள்ள சிக்கலை இனிச் சொல்லத்தான் வேண்டும். வான் வண்டிக்குள் எட்டுப் பேர், ஒரு ஸ்பீக்கர், ஒரு சமையல் சட்டி, இரண்டு றொட். இது மீன்பிடிப் பயணமில்லை, சுற்றுலா. சுற்றுலா போவது தப்பில்லை, மீன் வரவில்லை என்று குளத்தைத் திட்டுவதுதான் தப்பு. மீன் தண்ணீரின் அதிர்வை உடம்பின் பக்கக்கோட்டால் உணரும். நாங்கள் பேசுகிற பேச்சைவிட, கரையில் தொம் தொம் என்று நடப்பதும் வாகனக் கதவை அடிப்பதும்தான் அதைக் கலைக்கும். நாலு பேர் போதும். ஒருவருக்கொருவர் இருபது முப்பது அடி விலகி நின்று ஒரே திசையில் நகருங்கள். வெயில் முதுகில் விழும்படி நின்றால் உங்கள் நிழல் முதலில் தண்ணீருக்குள் போய் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். கவர் முள்ளோடு எறிகிறவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. போத்தல் திறக்கிற ஆட்கள் றொட்டைத் தொடாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது.

நேரமும் அப்படித்தான். ஞாயிறு காலை எட்டு மணிக்கு நகரத்தில் ரொட்டி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கந்தளாய் போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிடும். ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்றும் கிளம்பிவிடும். தவளை போன்ற லேசான லூரைக் கச்சானுக்கு எதிரே எறிய முடியாது, அலையடிக்கிற தண்ணீரில் மிதப்பு அசைவதும் விளங்காது. விடியும்போது குளக்கரையில் நிற்க வேண்டும். பின்னேரம் என்றால் நாலு மணிக்குப் பிறகு. ஆனால் பின்னேரத்துக்கு ஒரு எல்லை உண்டு, அது யானை. கோடையில் குளம் வற்றி அலைகரையில் புல் முளைக்கும்போது கூட்டமாக வரும். இருட்டின பிறகு கட்டுப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வருவது வீரமில்லை. "இன்னும் ஒரு வீச்சு" என்ற பேச்சைப் பொழுது படுமுன் நிறுத்திவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மத்தியானத்துக்குப் பிறகு இடி முழங்கினால் அந்த நிமிஷமே றொட்டைக் கீழே வையுங்கள். கார்பன் றொட் மின்சாரத்தைக் கடத்தும், வெட்டவெளியில் அதைத் தூக்கிக்கொண்டு நிற்பது நீங்கள்.

கடலில் இல்லாத இன்னொரு கவலை முதலை. குளங்களில் சேற்று முதலை, ஆற்று முகத்துவாரப் பக்கம் அதைவிடப் பெரிய உவர்நீர் முதலை. புல்லில் மாட்டின லூரை எடுக்க இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்குகிற ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். நூலைக் கையில் சுற்றாமல் ஒரு தடியில் சுற்றி இழுங்கள். வராவிட்டால் அறுந்து போகட்டும். பிடித்த மீனைக் கோர்வையாகக் கட்டித் தண்ணீரில் தொங்கவிடுவதும், கரையில் குந்தியிருந்து மீன் வெட்டிக் கழுவுவதும் அதே ஆபத்துத்தான். துருசு திறந்து பாயும் வாய்க்காலில் மீன் நன்றாக எடுக்கும் என்பது உண்மை. ஆனால் கதவை இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் தண்ணீர் சட்டென்று ஏறும். நடுக் கல்லில் ஏறி நிற்காமல் கரையிலேயே நில்லுங்கள்.

புழுவுக்காகக் குளக்கட்டைக் கிண்டாதீர்கள். கந்தளாய்க் கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது பழங்கதை இல்லை. மண்வெட்டியோடு கட்டில் நிற்கிறவரை அவர்கள் துரத்தினால் நியாயம் அவர்கள் பக்கம். புழு வயல் வரம்பிலும் வாழையடியிலும் தாராளமாகக் கிடைக்கும், கேட்டுவிட்டு எடுங்கள்.

குளத்தை நம்பிச் சீவிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதும் நகரத்துப் பெடியளுக்கு மறந்துவிடுகிறது. தண்ணீரில் ரெஜிபோம் துண்டோ வெறும் போத்தலோ வரிசையாக மிதந்தால் கீழே வலை கிடக்கிறது. அதற்கு மேலால் கவர் முள் லூரை இழுத்தால் வலையில் மாட்டும். பிறகு லூரை எடுக்க வலையை வெட்டுவார்கள். வெட்டுப்பட்ட அந்த ஓட்டையைத் தைக்க ஒரு மனுஷன் அரை நாள் குந்த வேண்டும். போனவுடன் கரையில் வள்ளக்காரர் யாரையாவது கண்டு, "அண்ணே, வலை எந்தப் பக்கம் கிடக்கு? நாங்க எங்க நிண்டு போடலாம்?" என்று கேளுங்கள். வலை கிடக்கிற இடத்தோடு விரால் கிடக்கிற இடத்தையும் அவரே சொல்லிவிடுவார். வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் உள்ள கவுடுல்ல, சோமாவதி போன்ற பூங்காக்களின் எல்லைக்குள் தூண்டிலோடு நுழையவே கூடாது. எல்லை எங்கே என்பதும் அந்த வள்ளக்காரருக்குத் தெரியும்.

பையில் மறக்கிற சாமான் எப்போதும் நீளமூக்குக் குறடுதான். விரலில் முள் ஏறி, அதன் நுனியில் பின்னோக்கி நிற்கும் கொளுவியும் உள்ளே போய்விட்டால் வந்த வழியே பிடுங்காதீர்கள். நூலை வெட்டிவிட்டு நேரே கந்தளாய் ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள், ஏற்பு ஊசியும் தேவைப்படும். சுங்கான் என்கிற குளத்து மீன் மாட்டினால் கையால் பிடிக்கவே வேண்டாம். அதன் பக்கத்துச் செட்டை முள்ளில் விஷம் உண்டு, கடல் கெளிறு குத்தினவருக்கு அந்தக் கடுப்பு தெரியும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் சுடுதண்ணீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுகிற ஆளை அதற்காகவாவது கூட்டிக்கொண்டு போகலாம்.

கடைசியாகச் சட்டிக்கு வருவோம். "குளத்து மீன் சேறு மணக்குது" என்று கடற்கரை வீடுகளில் முகம் சுளிப்பார்கள். பாதிக் குற்றம் பிடித்தவருடையது. வெயிலில் பொலித்தீன் பைக்குள் அவித்துக்கொண்டு வந்தால் எந்த மீனும் மணக்கும். ஐஸ் பெட்டி கொண்டுபோங்கள். திலாப்பியாவை வெட்டும்போது வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோலை முழுதாகச் சுரண்டி எடுங்கள். உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவி, புளியோ கொறுக்காயோ கொஞ்சம் தாராளமாக விட்டுக் குழம்பு வையுங்கள், புளிப்பில் அந்த மணம் அடங்கும். விராலென்றால் தோலை உரித்துவிட்டுப் பொரிப்பதே மேல்.