ஹிக்குராங்கி மலையும் டிக்கிடிக்கி நினைவாலயமும்: புதிதாகப் படமெடுப்பவர்களுக்கு

நியூசிலாந்தின் கிழக்குக் கரையில், கிஸ்போர்னிலிருந்து 35ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ருவாட்டோரியா வரும். அதைத் தாண்டினால் டிக்கிடிக்கி. இது ஙாட்டி போரோ என்ற மாவோரிக் குலத்தாரின் மண். 1752 மீட்டர் உயரமுள்ள ஹிக்குராங்கி அவர்களுடைய புனித மலை. முதல் உலகப் போரில் மாண்ட தங்கள் வீரர்களின் நினைவாக, மாவோரித் தலைவர் ஆபிரானா ஙாட்டாவின் முயற்சியில் அவர்கள் எழுப்பியதுதான் டிக்கிடிக்கியின் தூய மரியாள் தேவாலயம். 1926இல் கட்டி முடித்தார்கள்.

தங்களை அறிமுகம் செய்யும்போது இவர்கள் முதலில் மலையைச் சொல்வார்கள், அடுத்து வையாப்பு ஆற்றை, அப்புறம்தான் குலத்தை. அதனால் இயற்கைக் காட்சி தனி, போர் நினைவுச்சின்னம் தனி என்று பிரிக்காமல் இரண்டையும் ஒரே தொடராக எடுங்கள்.

1. மலையைக் காலையில் எடுங்கள். ருவாட்டோரியாவிலிருந்து பார்த்தால் மலை மேற்கே இருக்கிறது. காலை வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வந்து மலைமுகத்தில் விழும். மாலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் கறுப்பு உருவம் மட்டுமே கிடைக்கும். அகலக் கோண லென்ஸில் மலை சிறுத்துவிடும். 70-200 மி.மீ. போன்ற ஜூம் லென்ஸ் நல்லது. எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளி உணர்திறன்), முக்காலி, இரண்டு நொடி டைமர் போதும். சட்டகம் நிறைய வெண்பனி இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது ஒளியை இரு மடங்கு) கூட்டுங்கள், இல்லாவிட்டால் பனி சாம்பல் நிறமாக விழும்.

2. அனுமதி கேளுங்கள். மாராய் எனப்படும் குலமன்றத்துக்குள் அழைப்பில்லாமல் நுழையக் கூடாது. கல்லறைத் தோட்டத்தில் எதையும் சாப்பிடக் கூடாது. வெளியே வரும்போது தண்ணீரில் கைகழுவுவது வழக்கம். நினைவுக்கல்லின்மேல் பையை வைக்கவோ சாயவோ வேண்டாம்.

3. தேவாலயத்துக்குள் ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். மரச் செதுக்கல்களின் ஆழமே நிழலில்தான் இருக்கிறது. ஃபிளாஷ் அதைத் தட்டையாக்கிவிடும். வண்ணக் கண்ணாடி சன்னலில், சிலுவையில் இருக்கும் கிறிஸ்துவின் கீழே இரண்டு வீரர்கள் மண்டியிட்டிருக்கிறார்கள். போனில் எடுக்கிறீர்களா? போன் திரையில் சன்னல் தெரியும் இடத்தைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். சுவர் இருண்டாலும் கவலையில்லை, நிறங்கள் நிற்கும். செதுக்கல்களுக்குத் தனிப் படம் எடுங்கள். ஐஎஸ்ஓ 1600 வரை ஏற்றலாம்.

4. நினைவுக்கல்லில் உள்ள வீரர்களின் பெயர்களுக்குப் பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். கல்லில் வெட்டிய எழுத்துகள் சாய்வெயிலில்தான் எழும்பித் தெரியும். இங்கே நண்பகல் சூரியன் வடக்கே நிற்பதால், தெற்கு பார்த்த கல்முகம் பெரும்பாலும் நிழலில் இருக்கும். கேமராவைக் கல்லுக்கு நேராகப் பிடியுங்கள். எந்தப் பெயரையும் பாதியில் வெட்டாதீர்கள். அந்தப் பெயருக்குரியவரின் வழிவந்தோர் இன்னும் இதே ஊரில் இருக்கலாம்.

5. ஏப்ரல் 25, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் போர்வீரர்களை நினைவுகூரும் ஆன்சாக் நாளில் போகிறீர்கள் என்றால், விடியற்கால அஞ்சலி முடியும்வரை கேமரா பையிலேயே இருக்கட்டும். அப்புறம் அங்கிருக்கும் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.