கிரிஸ் கத்தியா? முதலில் அலகைப் பாருங்கள்

பழைய கிரிஸ் (இந்தோனேசிய, மலாய் குத்துவாள்) கைக்கு வந்தால் பிடியையும் உறையையும் வைத்து வயதைச் சொல்லிவிடாதீர்கள். அவை தலைமுறைக்குத் தலைமுறை மாறுபவை. அலகைப் பாருங்கள். பாலி அலகு பெரும்பாலும் நீளம், கனம், வழவழப்பு. ஜாவா அலகு இலேசானது. எலுமிச்சைச் சாறும் பாஷாணமும் பூசிப் பூசி, 'பாமோர்' கோடுகள் (அடுக்கடுக்காக உலோகம் சேர்த்து அடித்ததில் விழும் வரிகள்) விரலில் நெருடும். அடியில் குறுக்கே நிற்கும் 'கஞ்சா' (பெயரே அதுதான், சிரிக்காதீர்கள்) பொதுவாகத் தனித்துண்டு. மயிரிழைபோல இணைப்புக் கோடு தெரியும். அலகு நெளிந்திருந்தால், வளைவுகள் ஒற்றைப்படையில்தான் இருக்கும். இரட்டையாக வந்தால் மறுபடி எண்ணுங்கள். அலகு முழுக்க ஒரே சீராக அரித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான்: அமிலத்தில் ஊறப்போட்டுப் பழசாக்கிய சரக்காக இருக்கலாம். வாங்கியபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், பாமோரே போய்விடும்.