சக்கரம் இல்லாமல் ஒரு மண் கிண்ணம்

சக்கரம் வாங்கும் யோசனையைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். கையாலேயே கிண்ணம், அகல், சின்னத் தொட்டி எல்லாம் செய்துவிடலாம்.

கண்மாய்க் களிமண்ணை ஊறவைத்துக் கரைத்து, பழைய வேட்டியில் வடிகட்டுங்கள். மண் அடியில் படிந்ததும் மேல்நீரை இறுத்துவிட்டு, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை துணியில் பரப்பி வையுங்கள். பென்சில் தடிமனுக்கு ஒரு திரி உருட்டி விரலில் சுற்றிப் பாருங்கள். வெடிக்காமல் வளைந்தால் சரி. வெறும் களி ரொம்பச் சுருங்கும் என்பதால் ஐந்து பங்குக்கு ஒரு பங்கு நுண்மணல் சேர்த்து நன்றாகப் பிசைவேன்.

ஆரஞ்சுப் பழ அளவு உருண்டையில் கட்டைவிரலை இறக்கி, சுற்றிச் சுற்றிக் கிள்ளி உயர்த்தினால் அடிப்பாகம் தயார். அதன்மேல் திரிகளை வளையமாக அடுக்க வேண்டும்.

நான் சறுக்கியது இங்கேதான். தண்ணீரைத் தொட்டு ஒட்டினேன். முதல் மூன்று கிண்ணங்களும் காயும்போதே மோதிரம் மோதிரமாகக் கழன்றன. தண்ணீர் ஒட்டாது, வழுக்கத்தான் செய்யும். இரண்டு பரப்பையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணைத் தயிர் பதத்தில் குழைத்துத் தடவி அழுத்துங்கள். அப்புறம் உள்பக்கம் மேல்திரியின் மண்ணை விரலால் கீழ்திரிமேல் இழுத்துத் தேய்த்து, கோடே தெரியாமல் செய்யுங்கள். வெளியே வரிவரியாக விட்டால் அழகு, உள்ளே விடக்கூடாது.

கருவிப் பெட்டி எதுவும் வேண்டாம். வழவழப்பாக்க, காலாவதியான ஏடிஎம் அட்டையை மிஞ்ச ஒன்றுமில்லை.

நிழலில், பிளாஸ்டிக் பையால் தளர மூடிக் காயவிடுங்கள். அடியில் செய்தித்தாள் இருக்கட்டும். சுருங்கும் மண் அதோடு சேர்ந்து நகரும், பலகையில் ஒட்டிக்கொண்டு பிளக்காது. விளிம்பு இறுகியதும் கவிழ்த்து வையுங்கள்.

பின்சேர்க்கை: நெருப்பில் வைத்ததும் வெடித்துவிட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் காரணம் உள்ளே தங்கிய ஈரம். அது ஆவியாகிப் பிளக்கிறது. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சமையலறை ஓவனில் சுடலாமா என்று கேட்பவர்களுக்கு: அது 250 டிகிரியைத் தாண்டினாலே பெரிது. சுமார் 600 டிகிரியாவது ஏறாவிட்டால் தண்ணீர் பட்டதும் மறுபடி சேறுதான். பக்கத்தில் சூளை வைத்திருக்கும் வேளாரிடம், அவர் பானைகளோடு உங்கள் கிண்ணத்தையும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். பானை அடுக்கவே அவருக்கு இடம் இருக்காது.