காமெடிப் படத்தை இரண்டாவது முறை பார்ப்பது எப்படி

நண்பர் ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில் தனக்குப் பிடித்த 10 சிறந்த படங்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். ஏழு படத்தில் ஹீரோ சாகிறான், மிச்சம் மூன்றில் ஹீரோவின் அம்மா. காமெடிப் படம் ஒன்றுகூட இல்லை. இதே மனுஷன் மேனேஜர் திட்டினால் வடிவேலு வசனம் பேசுவார், பஸ் வராவிட்டால் கவுண்டமணி வசனம், வீட்டில் சண்டை என்றால் மறுபடியும் வடிவேலு. நாள் முழுக்க வாயில் இருப்பது பட்டியலில் மட்டும் ஏன் இல்லை என்று கேட்டேன். "அது சும்மா சிரிக்கிறதுக்குப்பா" என்றார்.

அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிரிப்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, தனக்குப் பின்னால் இருக்கிற உழைப்பைக் காட்டிக்கொடுக்காது. ஒருவர் திரையில் கதறி அழுதால் நாமும் அழுதுகொண்டே 'என்னமா நடிக்கிறான்' என்று நினைக்க முடிகிறது, ஆனால் வயிறு வலிக்கச் சிரிக்கும்போது அப்படி எதுவும் தோன்றாது, அதற்கு நேரமும் இருக்காது. அதனால் ஒரு காமெடிப் படம் நல்ல சினிமாவா என்று தெரிய வேண்டுமானால் குறைந்தது இரண்டு தடவை பார்க்க வேண்டும். முதல் தடவைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், சிரித்தால் போதும். அடுத்த தடவைக்குத்தான் கொஞ்சம் பழக்கம் தேவை.

முதலில், துண்டு துண்டாகப் பார்ப்பதை விடுங்கள். நம்மூரில் காமெடிக்கு மரியாதை குறைந்ததற்குப் பாதிக் காரணம் காமெடி ட்ராக். பல படங்களில் அதைத் தனி ஆள் எழுதி, தனியாக எடுத்து, கதைக்கு நடுவே செருகினார்கள். அப்புறம் டிவிக்காரர்கள் அதையே வெட்டியெடுத்து அரை மணி நேர நிகழ்ச்சி ஆக்கினார்கள். இப்போது யூட்யூப். காமெடி என்றாலே ஊறுகாய் மாதிரி ஓரமாக வைத்துத் தொட்டுக்கொள்கிற விஷயம் என்று மனதில் பதிந்துவிட்டது. அப்படிப் பிரித்து எடுக்கவே முடியாத படமாக ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கி, கிரேஸி மோகன் வசனம் எழுதி, கமல் நான்கு வேடம் போட்ட மைக்கேல் மதன காம ராஜன் (1990) அதற்குச் சரியான ஆள். எங்கே வேண்டுமானாலும் படத்தை நிறுத்திவிட்டு, இந்த நிமிடத்தில் யாருக்கு என்ன தெரியும், யார் யாரை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். திரையில் இருப்பவர்கள் எல்லோரும் குழம்பியிருப்பார்கள், நீங்கள் மட்டும் குழம்பியிருக்க மாட்டீர்கள். ஒரே முகம் நான்கு, ஆனாலும் பார்க்கிறவனுக்குக் கணக்கு தப்பக் கூடாது, தப்பினால் அந்த இடத்திலேயே சிரிப்பு செத்துவிடும். துப்பறியும் படத்துக்குத் திரைக்கதை எழுதுகிறவரைப் பாராட்டுகிறோம், இதை எழுதினவரை ஏன் பாராட்டுவதில்லை என்று அந்தத் தாள் உங்களையே கேட்கும். (கிளைமாக்ஸில் மலை விளிம்பில் ஆடுகிற வீடு, 1925இல் சாப்ளின் எடுத்த த கோல்ட் ரஷ்ஷுக்குப் போட்ட கும்பிடு.)

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி. பேசுகிறவரை விட்டுவிட்டுக் கேட்கிறவரைப் பாருங்கள். ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை (1964) படத்தில், சினிமா எடுக்கப் போகிறேன் என்று திரிகிற நாகேஷ் அப்பா பாலையாவுக்குத் திகில் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் தெரியும். நாகேஷ் வாயாலேயே சத்தம் எழுப்பிக் கதையை ஓட்டுவார். நூறு தடவை பார்த்திருப்பீர்கள், நூறு தடவையும் நாகேஷைத்தான் பார்த்திருப்பீர்கள். இந்த முறை கையால் அவர் பக்கத்தை மறைத்துக்கொண்டு பாலையாவை மட்டும் பாருங்கள். வில்லனாக நடித்துப் பேர் வாங்கிய மனிதர் அவர். மகன் உளறுகிறான் என்கிற அலட்சியத்தில் தொடங்கி, சரி கேட்போம் என்று இறங்கி வந்து, கடைசியில் தன் வீட்டில் தானே பயந்து உட்கார்ந்திருக்கிற பெரியவராக ஆகிவிடுவார். எந்த நொடியில் மாறினார் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது, நான் மூன்று முறை முயன்று தோற்றேன். அங்கே பேயும் இல்லை, இருட்டும் இல்லை. பயத்தை உண்டாக்குவது முழுக்க அந்த ஒரு முகம், அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். அவர் கொஞ்சம் அதிகமாக நடித்திருந்தாலும் நாகேஷ் வெறும் கோமாளியாகத் தெரிந்திருப்பார்.

அப்புறம், ஒரு காட்சியில் நமக்குச் சொல்லியாக வேண்டிய செய்தி என்ன, அதை எந்த வழியில் சொன்னார்கள் என்று பாருங்கள். சாப்ளினின் சிட்டி லைட்ஸ் (1931) வந்தபோது பேசும் படங்கள் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன, மனுஷன் பிடிவாதமாக வசனமே இல்லாமல் எடுத்தார். அதில் பூ விற்கும் பார்வையற்ற பெண், கந்தல் உடுத்திய சாப்ளினைப் பணக்காரர் என்று நினைத்துக்கொள்ள வேண்டும். வசனம் கிடையாது, அவளுக்குக் கண்ணும் தெரியாது. என்ன செய்வீர்கள்? சாப்ளின் செய்தது இது. போலீஸ்காரரிடமிருந்து தப்பிக்க, நின்றுகொண்டிருக்கும் காரின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்குவார், கதவு சாத்துகிற சத்தம் அவள் காதில் விழும், கார்க்காரர் என்று நினைத்துப் பூவை நீட்டுவாள். காசு கொடுத்துவிட்டு இவர் நிற்கும்போதே காரின் உண்மையான சொந்தக்காரர் ஏறிப் போய்விடுவார். மீதிச் சில்லறை வாங்காமலே போய்விட்டாரே என்று அவள் காரைப் பார்த்துக் கூப்பிடுவாள். பக்கத்திலேயே நிற்கிறவர் அவள் நினைப்பைக் கலைக்க மனமில்லாமல் நுனிக்காலில் நழுவுவார், பிறகு திரும்பி வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். அவள் பூத்தொட்டியை அலசி அந்தத் தண்ணீரை அவர் முகத்தில் ஊற்றிவிடுவாள். உருகுகிற இடத்தில் ஒரு வாளித் தண்ணீர்! இந்தக் காட்சிக்கு 342 டேக் என்று கின்னஸ் கணக்கு. ஒரு கார்க் கதவுதான் மொத்தக் கதையையும் தாங்குகிறது, அந்தக் கதவை எடுத்துவிட்டால் படமே இல்லை.

காதையும் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். வசனமே இல்லாத 'பேசும் படம்' (1987) என்கிற படத்தில் சொகுசு ஹோட்டலுக்குப் போன கமலுக்குத் தூக்கம் வராது, பழைய அறையின் இரைச்சலை டேப்பில் பதிந்து வந்து போட்டுக் கேட்டபிறகுதான் தூங்குவார். ஏழ்மையைப் பற்றி ஒரு பக்க வசனம் எழுதினாலும் இவ்வளவு வராது.

சிரிப்புக்கு விடுகிற இடைவெளியையும் பாருங்கள். பில்லி வைல்டர் 1959இல் எடுத்த சம் லைக் இட் ஹாட் படத்தில், பெண் வேடத்தில் இருக்கும் ஜாக் லெமன் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாகச் சொல்வார். அவர் கையில் இரண்டு கிலுகிலுப்பைகள். ஒரு வரி பேசுவார், ஆட்டுவார், ஆடுவார், அடுத்த வரி பேசுவார். தியேட்டரில் எழும் சிரிப்பில் அடுத்த வரி மூழ்கிவிடக் கூடாது என்றுதான் வைல்டர் அதைக் கையில் கொடுத்தார். வீட்டில் தனியாகப் பார்த்தால் அந்த ஆட்டம் கொஞ்சம் நீளமாகத் தெரியும். அந்த நீளம், இன்னும் உட்காராத ஒரு கூட்டத்தின் சிரிப்பை முன்கூட்டியே அளந்து வைத்தது. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது, உடையலங்காரத்துக்கு மட்டும்.

விருது பற்றி எரிச்சல் இருந்தால் 1994ஐப் பாருங்கள். அந்த வருடம் மகளிர் மட்டும் படத்தில் நாகேஷ் பிணமாக நடித்தார். வசனம் இல்லை, கண் சிமிட்டக்கூட வழியில்லை, இருந்தாலும் சிரித்தோம். அதே வருடம் நம்மவர் படத்தில் மகளைப் பறிகொடுத்த பேராசிரியராக நடித்தார். தேசிய விருது வந்தது நம்மவருக்கு. அதற்குத் தகுதியான நடிப்புதான், சந்தேகமே இல்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்து அழுத பிறகுதான் கொடுத்தார்கள்.

நண்பரைப் போன ஞாயிறு வீட்டுக்குக் கூப்பிட்டு, பாலையா காட்சியைப் போட்டு, அவர் முகம் எங்கே மாறுகிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டு நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். அரை நிமிடத்தில் பேனா கீழே கிடந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடுப்பா, பார்க்க விட்டுட்டேன்" என்றார்.