'பாரிஸ்' என்று மட்டும் போட்ட டிக்கெட்டை வாங்காதீர்கள்

கடலூர், புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பிரான்ஸுக்கு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எத்தனை மணி நேரப் பயணம் என்றுதான். சென்னைக்கும் பாரிஸுக்கும் ஆகாய வழியில் சுமார் 8,000 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் பறந்தால் பத்து மணி நேரத்தை ஒட்டி ஆகும். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். வழியில் ஓர் ஊரில் விமானம் மாறி, அதிகாலை 4 மணிக்கு ஏறி பிற்பகல் 1.30-க்கு இறங்குவதாக இருந்தால், அது ஒன்பதரை மணி நேரம் அல்ல. கோடையில் மூன்றரை மணி நேரமும், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கூட்டிக்கொள்ளுங்கள். கடலூரிலிருந்து மீனம்பாக்கம் போகும் நேரம் தனி. ஞாயிறு மாலை என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையை நம்பவே வேண்டாம்.

சான்றிதழ்களின் அசலைக் கைப்பையில் வையுங்கள். நீண்ட கால மாணவர் விசா என்றால் வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் பதிவு செய்துவிடுங்கள். இதெல்லாம் யாரும் சொல்லித் தருவார்கள். சொல்லித் தராத ஒன்றில்தான் என் அக்கா மகன் மாட்டிக்கொண்டான்.

தெற்கு பிரான்ஸில் இருக்கும் துலூஸ் நகரத்தில் மேற்படிப்பு அவனுக்கு. எங்கள் ஊர் டிக்கெட் ஏஜென்ட் மலிவாக இருக்கிறதென்று பாரிஸ் வரை ஒன்று, அங்கிருந்து துலூஸுக்கு ஒன்று என இரண்டு தனித்தனி டிக்கெட் போட்டார். பாரிஸில் இறங்கி பாரிஸில் ஏறுவதுதானே, நான்கு மணி நேரம் தாராளம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். பையன் இறங்கியது வடகிழக்கே இருக்கும் சார்லஸ் டி கோல் விமான நிலையம். அடுத்த விமானம் புறப்பட்டதோ நகரத்துக்குத் தெற்கே இருக்கும் ஓர்லி விமான நிலையத்திலிருந்து. இடையில் பாரிஸ் நகரமே கிடக்கிறது. சாலை வழி நாற்பது கிலோமீட்டருக்கு மேல்.

குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்து, ஆர்.இ.ஆர். பி ரயிலில் நகரத்தைக் கடந்து, அந்தோனி நிலையத்தில் இறங்கி, ஓர்லிக்குப் போகும் சிறு ரயிலில் மாறி அவன் போய்ச் சேர்ந்தபோது கவுன்டர் மூடிவிட்டது. ஒரே முன்பதிவாக இருந்தால், தவறிய விமானத்துக்கு மாற்று தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு இருக்கும். தனித்தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பில்லை. அக்கா நகையை அடகு வைத்துக் கட்டிய பணம் அது. இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. புது ஊரில், மொழி தெரியாமல், இரண்டு பெரிய பெட்டிகளோடு ஒரு பொருளையும் தொலைக்காமல் வந்தானே, அதில் எனக்குப் பெருமைதான்.

பணம் கட்டுவதற்கு முன் டிக்கெட்டில் மூன்றெழுத்துக் குறியைப் பாருங்கள். சி.டி.ஜி. என்றால் சார்லஸ் டி கோல், ஓ.ஆர்.ஒய். என்றால் ஓர்லி. பி.வி.ஏ. என்றிருந்தால் அது பொவே விமான நிலையம். பெயரில் பாரிஸ் ஒட்டியிருந்தாலும் நகரத்திலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். இறங்குவதும் ஏறுவதும் ஒரே குறியாக, ஒரே முன்பதிவாக இருக்கட்டும். லியோன், லீல் போகிறவர்களுக்கு சார்லஸ் டி கோலின் இரண்டாம் முனையத்திலேயே அதிவேக ரயில் நிற்கிறது. துலூஸ் போகிறவர்கள் அன்றிரவு பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கம் தங்குங்கள். பக்கத்து லா ஷப்பெல்லில் நம் கடைகள் வரிசையாக இருக்கின்றன, சுடச்சுட இட்லி கிடைக்கும். மறுநாள் பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் நாலரை மணி நேரத்தில் துலூஸ்.