கழுத்து, முதுகுத்தண்டு பாதிப்புகள்: அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் இழப்பீட்டு விண்ணப்பத்திலும் மேல்முறையீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கழுத்துவலியோடும் முதுகுவலியோடும் படைப்பணியிலிருந்து திரும்பிய ஒருவர், வி.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமெரிக்க முன்னாள் படைவீரர் விவகாரத் துறையிடம் இழப்பீடு கேட்கும்போது செய்யும் முதல் தவறு, தன் வலி தானாகவே தனக்காகப் பேசிவிடும் என்று நம்புவது. அந்தத் துறையின் முதுகுத்தண்டு மதிப்பீட்டு அட்டவணை பெரும்பாலும் அசைவின் அளவையே பார்க்கிறது. கழுத்து எத்தனை டிகிரி குனிகிறது, இடுப்பு எத்தனை டிகிரி வளைகிறது, தண்டிலிருந்து கிளம்பும் நரம்புகள் எந்த அளவுக்குப் பாதிக்கப்பட்டிருக்கின்றன என்பவையே அதன் கேள்விகள். உண்மையிலேயே அவதிப்படுகிற பலர் குறைந்த விழுக்காட்டோடு, அதாவது இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்யும் பாதிப்பு மதிப்பீட்டோடு, திரும்புவதற்கு, அவர்களுடைய அவதி இந்தக் கேள்விகளுக்கான விடையாகக் கோப்பில் பதிவாகாமல் போவது ஒரு முக்கியக் காரணம்.

விழுக்காட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், பாதிப்பு படைப்பணியோடு தொடர்புடையது என்று நிலைநாட்ட வேண்டும். அதற்கு மூன்று தேவை: இப்போது ஒரு பாதிப்பு இருப்பது, பணிக்காலத்தில் ஒரு காயமோ நிகழ்வோ நோயோ ஏற்பட்டிருப்பது, இவ்விரண்டையும் இணைக்கும் மருத்துவக் கருத்து. முதல் இரண்டையும் திரட்டிவிட்டு மூன்றாவதை விட்டுவிடுவது மிகப் பரவலான பிழை. பாராசூட்டில் குதித்துத் தரையில் மோதியதும் உண்மை, இன்று எம்.ஆர்.ஐ. படத்தில் கழுத்து எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் தேய்ந்திருப்பதும் உண்மை. ஆனால் பரிசோதிக்கும் மருத்துவர் ‘இது வயதால் வந்த தேய்மானம்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அதற்கு மறுமொழி கூறும் மற்றொரு மருத்துவக் கருத்து கோப்பில் இல்லாதவரை விண்ணப்பம் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும்.

அப்படி வாங்கப்படும் மருத்துவர் கடிதங்களிலும் ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ‘தொடர்பு இருக்கலாம்’, ‘சாத்தியமுண்டு’ என்று எழுதப்பட்ட கடிதத்தை ஊகம் என்று தள்ளிவிடுவார்கள். சட்டம் கேட்கும் அளவுகோல், தொடர்பு இருப்பதற்கான வாய்ப்பு இல்லாதிருப்பதற்கான வாய்ப்புக்குக் குறைந்தது சமமாக, அதாவது 50 விழுக்காடாக, இருக்க வேண்டும் என்பதே; சான்றுகள் இருபுறமும் சமமாக நின்றால் ஐயத்தின் பலன் படைவீரருக்கே போக வேண்டும். ஆகவே மருத்துவர் இந்த அளவுகோலின் சொற்களிலேயே கருத்தைச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியமாக, ஏன் அவ்வாறு கருதுகிறார் என்பதை விளக்க வேண்டும். ஒரு மருத்துவக் கருத்தின் எடை அதன் காரண விளக்கத்தில்தான் இருக்கிறது என்று முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தெளிவாகக் கூறியிருக்கிறது.

பணிக்கால மருத்துவப் பதிவேட்டில் எதுவும் இல்லை என்பதால் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவோரும் உண்டு. மருத்துவரிடம் போனால் கோழை என்று நினைப்பார்களோ என்று வலிநிவாரணி மாத்திரைகளை விழுங்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்த ஒருவருக்குப் பதிவேடு எங்கிருந்து வரும்? 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் ஏற்பட்ட தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான பணிக்கோப்புகள் அழிந்ததால், மூத்த தலைமுறையினர் பலருக்குத் தங்கள் கோப்பே இல்லாமற்போனது. அக்காலத்து மருத்துவப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய வாக்குமூலத்தை நம்பத் தகாதது என்று ஒதுக்கக் கூடாது என்பது 2006ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பு ஒன்றின் சாரம். உடன் பணியாற்றியவர், வாழ்க்கைத்துணை ஆகியோர் கண்ணால் கண்டதை 21-10210 என்ற படிவத்தில் எழுதித் தரலாம். நோயின் பெயரை அவர்கள் எழுத வேண்டியதில்லை. எந்த நிகழ்வுக்குப் பின் இவரால் கழுத்தைத் திருப்ப முடியாமல் போனது, தூக்கம் எப்படிக் கெட்டது என்று நாள், இடம் குறிப்பிட்டு எழுதினாலே அது சான்றாகும்.

இனி, வி.ஏ. ஏற்பாடு செய்யும் மருத்துவப் பரிசோதனை நாள். மிகுதியான இழப்பு இங்கேதான் நேர்கிறது என்பது என் கருத்து. கழுத்து இயல்பாக 45 டிகிரி முன்குனியும். 30 டிகிரியைத் தாண்டி 40க்குள் நின்றால் 10 விழுக்காடு, 15ஐத் தாண்டி 30க்குள் நின்றால் 20, 15 அல்லது அதற்கும் குறைவானால் 30. இடுப்புப் பகுதிக்கு இயல்பு அளவு 90 டிகிரி. 60ஐத் தாண்டி 85 வரை வளைந்தால் 10 விழுக்காடு, 30ஐத் தாண்டி 60 வரை என்றால் 20, 30 டிகிரியோடு நின்றுவிட்டால் 40. படையில் பழகிய பொறுமையால், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் பத்து டிகிரி குனிந்து காட்டுகிறவர் தன் விழுக்காட்டில் ஒரு படியைத் தானே இழக்கிறார். மிகைப்படுத்த வேண்டாம், அது நேர்மையுமன்று, கோப்பிலுள்ள மற்றப் பதிவுகளோடு முரண்பட்டு மொத்த விண்ணப்பத்தையும் கெடுக்கும். ஆனால் வலி எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அளவுகளைக் கண்ணால் மதிப்பிடாமல் கோணமானியால் எடுக்க வேண்டும் என்பது விதி. கருவி இல்லாமல் அளந்தால் அன்றே அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். காரணமின்றிப் பரிசோதனைக்குப் போகாமலிருப்பது இவை எல்லாவற்றையும்விட மோசமானது. முதல் விண்ணப்பமானால் கையிலுள்ள சான்றைக் கொண்டே முடிவு செய்துவிடுவார்கள். விழுக்காட்டை உயர்த்தக் கேட்ட விண்ணப்பமானால் அது மறுக்கப்படும்.

முதுகுவலிக்காரர்களுக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பரிசோதனை அன்று ஓரளவு நன்றாக இருப்பவர், மாதத்தில் சில நாள்கள் படுக்கையிலிருந்து எழவே முடியாதவராக இருக்கலாம். வலி திடீரென அதிகரிக்கும் அந்த நாள்களில் எவ்வளவு அசைவு கூடுதலாகக் குறைகிறது என்பதை, அன்று நேரில் பார்க்காவிட்டாலும், படைவீரர் கூறும் விவரங்களைக் கொண்டு மருத்துவர் மதிப்பிட்டு எழுத வேண்டும் என்று 2017இல் வந்த ஷார்ப் வழக்குத் தீர்ப்பு கூறுகிறது. மருத்துவர் மதிப்பிட வேண்டுமானால் நாம் சொல்லியாக வேண்டும். ‘சில நேரம் ரொம்ப வலிக்கும்’ என்பது பயன்படாது. மாதத்துக்கு எத்தனை முறை, ஒவ்வொன்றும் எத்தனை நாள், அப்போது காலணிக் கயிற்றைக் கட்ட முடியுமா, காரைப் பின்னோக்கி எடுக்கத் தலையைத் திருப்ப முடியுமா என்று சொன்னால்தான் அது அளவாக மாறும். சில மாதங்களாவது நாட்குறிப்பு எழுதி, அதன் படியைப் பரிசோதனைக்கு முன்பே கோப்பில் சேர்த்துவிடுவது நல்லது.

நரம்புப் பாதிப்பைத் தனியாகக் கேட்காமல் விடுவது அடுத்த பெரிய இழப்பு. கழுத்திலிருந்து கைக்கும், இடுப்பிலிருந்து காலுக்கும் பரவும் மரத்துப்போதல், எரிச்சல், வலுக்குறைவு ஆகியவற்றுக்கும், தண்டு பாதிப்பால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு குலைவதற்கும் தனி விழுக்காடு உண்டு. கழுத்துக்கு 20, கையில் இலேசான நரம்பு வேர்ப் பாதிப்புக்கு 20 என்று கிடைத்தால், வி.ஏ.வின் கூட்டு முறைப்படி (இரண்டாவது விழுக்காட்டை, முதலாவது போக மீதமுள்ள 80இல் மட்டும் கணக்கிடுவார்கள்) அவை 36 ஆகி, 40 விழுக்காடாக முழுமையாக்கப்படும். முதுகைப் பற்றி மட்டும் பேசிவிட்டுக் காலைப் பற்றிச் சொல்ல மறந்தவருக்கு இது கிடைக்காது. தட்டு நோய்க்குப் படுக்கை ஓய்வு நாள்களைக் கொண்டு மதிப்பிடும் மாற்று வழியும் இருக்கிறது. ஆனால் மருத்துவர் எழுதிக்கொடுத்த ஓய்வு மட்டுமே அதில் கணக்காகும், நாமாகப் படுத்திருந்த நாள்கள் கணக்காகா.

மறுப்புக் கடிதம் வந்தவுடன் கோபத்தில் மேல்முறையீடு செய்வதற்கு முன், கடிதத்தை முழுமையாகப் படியுங்கள். உங்களுக்குச் சாதகமாக எவற்றை ஏற்றுக்கொண்டார்கள் என்று அதில் ஒரு பகுதி இருக்கும். அந்த முடிவுகளைத் தெளிவான மறுசான்று இல்லாமல் பின்னர் மாற்ற முடியாது. எது குறைந்தது என்பதைப் பொறுத்தே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2019 பிப்ரவரி 19 முதல் நடைமுறையிலுள்ள சட்டப்படி மூன்று வழிகள் உள்ளன. மருத்துவக் கருத்து இல்லாமல் தோற்றவர் அதைப் பெற்றுக்கொண்டு, புதிய, தொடர்புடைய சான்றோடு 20-0995 படிவத்தில் துணை விண்ணப்பம் தர வேண்டும். அவர் 20-0996 படிவத்தில் உயர்நிலை மறுஆய்வு கேட்டால் அந்தப் புதிய கடிதத்தைப் பார்க்கவே மாட்டார்கள், ஏனெனில் அங்கே பழைய கோப்பு மட்டுமே ஆராயப்படும். மாறாக, கோப்பிலிருந்த அளவுகளை அதிகாரி தவறாகப் படித்துவிட்டார் என்றால் உயர்நிலை மறுஆய்வே பொருத்தம். மூன்றாவது வழி 10182 படிவத்தில் மேல்முறையீட்டு வாரியத்தை அணுகுவது; அதற்குக் காலம் கூடுதலாகப் பிடிக்கும்.

உயர்நிலை மறுஆய்வுக்கும் வாரியத்துக்கும் முடிவுக் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டு கெடு; துணை விண்ணப்பத்தைப் பின்னரும் தரலாம், ஆனால் முதல் தேதியைக் காக்க அதையும் ஓராண்டுக்குள் தர வேண்டும். அதற்குள் ஒரு வழியிலிருந்து இன்னொன்றுக்கு இடைவிடாமல் தொடர்ந்தால், வென்றபின் பணம் முதல் விண்ணப்பத் தேதியிலிருந்தே கணக்கிடப்பட இடமுண்டு. ஓராண்டைத் தவறவிட்டுத் துணை விண்ணப்பம் கொடுத்தால், பொதுவாக அந்தப் புதிய தேதியே தொடக்கமாகிவிடும். வாரியம் மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போக 120 நாள்கள். முதல் விண்ணப்பத்துக்கே சான்று திரட்டக் காலம் வேண்டுமென்றால், 21-0966 படிவத்தில் விண்ணப்பிக்கும் எண்ணத்தைப் பதிவு செய்து, அந்தத் தேதியை ஓராண்டுக்குப் பாதுகாக்கலாம்.

முதல் விண்ணப்பத்துக்கே பணம் கேட்கும் நிறுவனங்களிடம் கையெழுத்திடாதீர்கள். வி.ஏ.விடம் அங்கீகாரம் பெற்ற வழக்கறிஞரோ முகவரோ கூட முதல் முடிவு வருவதற்கு முன் அந்த விண்ணப்பத்துக்குக் கட்டணம் வாங்க முடியாது. அமெரிக்கன் லீஜியன், டி.ஏ.வி. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகள் இதை இலவசமாகவே செய்து தருகிறார்கள். யாரிடம் போனாலும், அவர் பெயர் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று வி.ஏ.வின் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிட்டு உங்கள் கோப்பை ஒப்படையுங்கள்.