டிஏஎஃப் தொட்டியில் ஓட்டக் கோளாறு: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

சித்தூர், பலமனேர், குடியாத்தம் வட்டாரத்து மாம்பழக் கூழ் ஆலைகளில் கழிவுநீர்ப் பிரிவைக் கவனிப்பவர்களுக்கு, தோத்தாபுரி மாம்பழ வரத்துக் கூடியதும் டிஏஎஃப் தொட்டி (நீரில் கரைத்த காற்றின் குமிழ்களால் கசடை மிதக்கவைத்துப் பிரிக்கும் தொட்டி) தொல்லை கொடுக்கத் தொடங்கிவிடும். மேலே மிதக்க வேண்டிய கசடு கீழே இறங்கும். வெளியேறும் நீர் கலங்கும். உடனே கசடைத் திரளவைக்கும் மருந்தான பாலிமரின் அளவைக் கூட்டுவார்கள். அது பெரும்பாலும் வீண் செலவு. ஓட்டத்தைச் சரிபார்க்காமல் மருந்தில் கை வைக்கக் கூடாது.

இத்தொட்டியில் இரண்டு ஓட்டங்கள் சேர்கின்றன. ஒன்று, ஏற்ற இறக்கமாக வரும் கழிவுநீரைத் தேக்கிச் சீராக அனுப்பும் சமன்படுத்தும் தொட்டியிலிருந்து வரும் நீர். மற்றொன்று, தெளிந்த நீரில் ஒரு பகுதியை எடுத்து, 4 முதல் 6 பார் அழுத்தத்தில் காற்றைக் கரைத்துத் திருப்பி அனுப்பும் மறுசுழற்சி நீர். அழுத்தம் விடுபட்டவுடன் அதில் கரைந்திருந்த காற்று 10 முதல் 100 மைக்ரான் அளவுள்ள குமிழ்களாகப் பிரிந்து, கசடுத் திரள்களில் ஒட்டிக்கொண்டு அவற்றை மேலே தூக்குகிறது.

முதலில் உள்வரும் ஓட்டத்தை அளக்க வேண்டும். மீட்டர் காட்டுவதை அப்படியே நம்ப வேண்டாம். மாம்பழ நார் சுற்றிக்கொண்ட மீட்டர் எதையும் காட்டும். சமன்படுத்தும் தொட்டிக்கு வரும் நீரைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு, டிஏஎஃப் பம்பை மட்டும் ஓடவிட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலில் பார்த்தால் போதும். 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட தொட்டியில் அரை மணி நேரத்தில் அரை மீட்டர் இறங்கினால், ஓட்டம் மணிக்கு 30 கனமீட்டர். மறுசுழற்சி 30 சதவீதம் என்றால் இன்னும் 9 கனமீட்டர் சேரும். இந்த 39 கனமீட்டரை டிஏஎஃப் தொட்டியின் மேற்பரப்பான, உதாரணமாக, 6 சதுர மீட்டரால் வகுத்தால் மணிக்கு 6.5 மீட்டர் வருகிறது; இதுதான் மேற்பரப்புச் சுமை. பலர் மறுசுழற்சி நீரைச் சேர்க்காமலே கணக்குப் போட்டு, சுமை குறைவு என்று நிம்மதியடைந்துவிடுகிறார்கள். வடிவமைப்பு ஏட்டில் உள்ள வரம்பை இந்த எண் தாண்டினால், குமிழ் ஒட்டிய திரள்கள் மேலே வருவதற்குள் நீரோடு வெளியே இழுத்துச் செல்லப்படும்.

சராசரி சரியாக இருந்தும் சில நேரங்களில் மட்டும் கலங்கினால், சமன்படுத்தும் தொட்டியின் மிதவை சுவிட்ச், டிஏஎஃப்புக்கு நீர் அனுப்பும் இரண்டு பம்புகளையும் ஒரே நேரத்தில் இயக்குகிறதா என்று பாருங்கள். ஷிஃப்ட் முடிவில் இயந்திரங்களைக் கழுவிய சூடான காரநீரும் இதே வேலையைச் செய்யும்: சூடான நீர் கனம் குறைந்தது என்பதால் மேலடுக்காகப் பரவித் தொட்டிக்குள் குறுக்கு வழி பிடிக்கும், அதன் காரத்தன்மையால் கசடைத் திரளவைக்கச் சேர்க்கும் படிகாரமும் வேலை செய்யாது. கழுவும் நேரத்துக்கு முன்பே சமன்படுத்தும் தொட்டியின் மட்டத்தை இறக்கி இடம் வைத்துக்கொள்வதே இதற்கு எளிய வழி.

அடுத்து மறுசுழற்சி. இங்கே அழுத்தத்தையும் ஓட்டத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். அழுத்தம் காட்டும் கேஜை மட்டும் பார்த்துவிட்டு நகர்வதுதான் நான் அதிகம் காணும் பழக்கம். அழுத்தம் ஏறி ஓட்டம் குறைந்தால், அழுத்தம் விடுவிக்கும் வால்விலோ நாசிலிலோ நார் அடைத்திருக்கிறது. இரண்டுமே குறைந்து, பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் கேட்டால், உறிஞ்சும் பக்கத்து வடிகட்டி அடைத்திருக்கலாம். அழுத்தம் குறைந்து ஓட்டம் கூடினால், வால்வு தேய்ந்திருக்கும் அல்லது அளவுக்கு மேல் திறந்திருக்கும். இரண்டும் சரியாக இருந்தும் நீர் பால்போல் வெளுக்கவில்லையென்றால், கம்ப்ரசரிலிருந்து காற்று வருகிறதா, சச்சுரேட்டரில் (அழுத்தத்தில் காற்றை நீரில் கரைக்கும் கலன்) நீர்மட்டம் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மட்டம் மிகவும் இறங்கிவிட்டாலோ, கரையாத காற்று நேராகத் தொட்டிக்குள் பாய்ந்து மேற்பரப்பைக் கொதிப்பதுபோல் கலக்கி, மிதக்கும் கசடை உடைத்துவிடும். வால்வையோ சச்சுரேட்டரையோ கழற்றுமுன் பம்பையும் காற்றையும் நிறுத்தி, அழுத்தத்தை முழுவதும் வெளியேற்றி, கேஜ் பூஜ்ஜியம் காட்டுவதை உறுதிசெய்வது கட்டாயம்.

குமிழ்களால் பால்போல் வெளுத்த மறுசுழற்சி நீரான வெள்ளைநீரைச் சோதிக்க, மாதிரி எடுக்கும் குழாய் வழியாக ஒரு லிட்டர் கண்ணாடி அளவுக்குடுவையில் பிடித்துப் பாருங்கள். நல்ல நீர் முழுக்க வெளுத்திருந்து, அடியிலிருந்து ஓர் எல்லைக்கோடு மெல்ல உயர்ந்து தெளியும், அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். சில நொடிகளில் தெளிந்து, மேலே பெரிய குமிழ்கள் வெடித்தால் காற்று சரியாகக் கரையவில்லை. வெயில் காலத்தில் இச்சோதனை சற்று மோசமாகவே வரும், ஏனெனில் நீர் சூடேறும்போது அதில் கரையும் காற்று குறைகிறது. அந்த மாதங்களில் மறுசுழற்சியைக் கூட்ட நினைத்தால், மேலே சொன்ன மேற்பரப்புச் சுமையை மறுபடி கணக்கிட்ட பிறகே கூட்டுங்கள்.

கசடு ஒரே மூலையில் குவிந்து மறுபக்கம் தெளிந்திருந்தால், வெளியேறும் நீரின் தடுப்பு விளிம்பு சாய்ந்திருக்கக்கூடும். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவலை இரு முனையிலும் பிடித்தாலே தெரிந்துவிடும். விளிம்பைச் சரிசெய்த பின்னும் அப்படியே இருந்தால், நாசில்களில் ஒரு பக்கம் மட்டும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தொட்டி நீர் இரண்டு மூன்று முறையாவது முழுவதும் மாறும் அளவுக்குக் காத்திருந்து, பிறகே மாதிரி எடுங்கள். பத்தே நிமிடத்தில் எடுக்கும் மாதிரியில் பழைய நீர்தான் இருக்கும்.